வேறு மாத்திரை எதுவும் இல்லை

ஜூலை 3, புதன்

நாளை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. காலை ஆறு மணி வண்டி. ஃபைல், தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை, வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பை, எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

புது நோட்டு என்பதால் முறையாக எழுதிவிடுகிறேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ். விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ரெமி கை வைத்தால் செத்த எஞ்சினும் இருமும் என்று தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் சொல்வார்கள். இப்போது இவரைக் கிளப்பத்தான் ஆளில்லை. ஏப்ரலில் படுத்தவர். குளிப்பதில்லை, பேசுவதில்லை, சுவரைப் பார்த்தே கிடக்கிறார். மனச்சோர்வு நோய் என்று டாக்டர் சொன்னார். இரண்டு விதமான மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் கேட்கவில்லை.

மே மாதம் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு நான் வேலை பார்க்கிற பேக்கரியிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது.

ஜூலை 4, வியாழன்

டாக்டர் நஸீமாவுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. பொறுமையாகச் சொன்னார். கீட்டமின் என்று மருந்தின் பெயர். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதுதான். அதையே கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினால் மனச்சோர்வு சிலருக்கு ஒரே நாளில் இறங்குமாம். மற்ற மாத்திரைகள் வாரக்கணக்கில் செய்வதை இது மணிக்கணக்கில் செய்யும் என்றார். வாரம் இரண்டு முறை, மொத்தம் ஆறு.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா? வலிக்கு, தூக்கத்துக்கு, குடியை நிறுத்த, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லணும்" என்று கேட்டார்.

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "வேற மாத்திரை எதுவும் இல்ல டாக்டர்."

"குடிப்பழக்கம்னு ஃபைல்ல இருக்கே?"

"தவசு காலத்தோட விட்டாச்சு" என்றார் இவர். இன்றைக்கு முழுவதும் இவராக வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். "மாத்திரை மருந்து எதுவும் இல்லாம, நானாத்தான் விட்டேன்."

டாக்டர் எழுந்து கை கொடுத்தார். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஃபைலுக்குள் தலையைவிட்டு எதையோ தேடினேன்.

மருந்து ஏறும்போது கூடவே இருந்தேன். கண் திறந்தேதான் இருந்தது. முடிந்ததும், "கடலுக்கு அடியில கிடந்து மேல பாக்க மாதிரி இருந்துச்சு. கை ரெண்டும் யாரோடதோ மாதிரி" என்றார். அப்படித்தான் இருக்குமாம், கொஞ்ச நேரத்தில் போய்விடுமாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், சுபத்ரா என்று பெயர். அவருக்கும் முதல் நாள்தான். அவர் வீட்டுக்காரர் என் இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் பாவம். எனக்கு அந்தக் காது கேட்காது, நாலு வருடம் ஆகிறது. திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்.

ஜூலை 5, வெள்ளி

ஒன்றும் மாறவில்லை. பாறை மீன் குழம்பு வைத்தேன், இரண்டு வாய் சாப்பிட்டார். சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அதை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிடுகிறார்.

ஜூலை 6, சனி

இதை எழுதாமல் விட்டால் மனசு கிடந்து நமநமக்கும். எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆம்பிளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால் நாற்பது நாளும் சொட்டுத் தொடமாட்டார்கள். எத்தனை பெரிய குடிகாரனும் தவசு காலத்தில் தங்கக்கம்பிதான். பாஸ்கா ஞாயிறு பூசை முடிந்ததும் நாற்பது நாள் பாக்கியையும் சேர்த்து வசூல் செய்துவிடுவார்கள். கர்த்தர் உயிர்த்தெழுந்த அன்றைக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் விழுந்து கிடப்பார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு பாஸ்கா பார்த்துவிட்டேன். எந்தப் பாஸ்காவிலும் நான் புதுச் சேலையோடு சாயங்காலம்வரை இருந்தது கிடையாது.

இந்த வருடம் பாஸ்காவுக்கு முந்தின நாள், பேக்கரியில் என்னோடு மக்ரூனுக்கு முட்டை அடிக்கிற புஷ்பம் அக்கா சொன்னாள்: "மாத்திரையப் பொடிச்சுக் காப்பில போட்டுரு. நான் அஞ்சு வருசமாப் போடுதேன். அந்த மனுசனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது." அவள் ஒருத்தி மட்டுமில்லை, எங்கள் பக்கம் பல அடுப்படிகளில் நடக்கிற காரியம்தான் இது. இரண்டு வருடம் முன்பு குடி நிறுத்துகிற இடத்தில் இவருக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "மாத்திரை தின்னு நிறுத்துறதுக்கு நான் சாவலாம்" என்று அட்டையைச் சாக்கடையில் வீசினார். சீட்டு என் அலமாரியில் இருந்தது. அதைக் காட்டி வாங்கினேன். சரியான கசப்பு. சுக்கைத் தூக்கலாகத் தட்டிப்போட்டால் தெரியாது. அன்றிலிருந்து தினமும் காப்பியில் போகிறது.

அந்தப் பாஸ்கா அன்று கூட்டாளி ஒருத்தன் ஊற்றிக் கொடுத்ததை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னமோ பிடிக்கலல" என்று வைத்துவிட்டார். அதோடு சரி. தெருவே பேசியது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார். மாதா மன்றாட்டு என்றார்கள், வானத்துச் சம்மனசு இறங்கி வந்து செய்த வேலை என்றார்கள். அந்தச் சம்மனசு நான்தான் என்று கை தூக்கவா முடியும்? இவர் நானாக விட்டேன் என்று சொல்லும்போது, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

டாக்டரிடம் மறைத்தது தப்புதான். ஆனால் இவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? அந்த ஒன்றைத் தவிர இந்த மனுசனிடம் இப்போது பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஜூலை 8, திங்கள்

இரண்டாவது ஊசி. சுபத்ரா டீச்சர் போன தடவை வீட்டுக்குப் போனதும் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டாராம். அவர் வீட்டுக்காரர் அதைச் சொல்லும்போது அழுதார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

அதே சுவர்.

ஜூலை 11, வியாழன்

மூன்றாவது. திரும்பி வரும்போது வாகைகுளம் தாண்டியதும் இவர் சொன்னார்: "நான் இல்லாட்டி உனக்கு லேசா இருக்கும்லா."

"வாய மூடுங்க" என்றேன். முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. மே மாதத்திலும் இதே மாதிரிதான், நிதானமாக, ஏதோ எனக்கு நல்லது செய்கிறவர் போலப் பேசினார்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

நான்காவது முடிந்ததும் டாக்டர் எங்களை அறைக்குள் கூப்பிட்டார். இதற்குள் ஏதாவது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், மிதப்பதெல்லாம் எல்லோருக்கும் போல வருகிறது, மனசு மட்டும் ஏன் எழும்பவில்லை என்று புரியவில்லை என்றார். அப்புறம் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

"நம்ம மூளையிலேயே அபின் மாதிரி ஒண்ணு சுரக்குதும்மா. அடிபட்டா வலியைத் தாங்குறது, பிள்ளையத் தூக்கினா மனசு குளிர்றது, இதுலெல்லாம் அதுக்குப் பங்கு இருக்கு. அது போய் உட்கார மூளையில இடம் இருக்கு. கீட்டமின் வேற வழியாத்தான் வேலை செய்யுதுன்னு நினைச்சிருந்தோம். ஆனா சில பேருக்கு, அந்த இடத்தை அடைச்சு வைக்கிற மாத்திரையை முதல்ல குடுத்துட்டு, அப்புறம் கீட்டமின் ஏத்திப் பார்த்தாங்க. மிதக்குறது, கை மரத்துப்போறது எல்லாம் வந்துச்சு. மனசு மட்டும் எழும்பல. எல்லா ஆராய்ச்சியும் அப்படிச் சொல்லல, இன்னும் இதைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா நான் கேட்காம விடக்கூடாது. அந்த அடைக்கிற மாத்திரை நம்ம ஊர்ல குடியை நிறுத்தக் குடுக்கறதுதான். நால்ட்ரெக்சோன். பழைய சீட்டுல இருக்கு. இப்பவும் சாப்பிடுறாரா?"

"டாக்டர், மாதா மேல ஆணையாச் சொல்லுதேன்" என்றார் இவர். "அந்த மாத்திரைய நான் கண்ணால பாத்தே ரெண்டு வருசமாச்சு."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. டாக்டர் என்னைப் பார்த்தார்.  இல்லை என்று தலையாட்டினேன். தலைதான் ஆட்டினேன்.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று இவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் திரும்ப அந்த அறை வாசல்வரை போனேன். உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். நின்றேன். வந்துவிட்டேன். வியாழக்கிழமை டாக்டர் ஊரில் இல்லையாம், அடுத்தது ஒரு வாரம் கழித்து, திங்கட்கிழமை.

ஜூலை 16, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா ஆர்டர் தலைக்கு மேல். முந்திரிப் பருப்பு அரைத்து மாளவில்லை. சாயங்காலம் காப்பி கொடுத்தேன். ஆம், போட்டுத்தான் கொடுத்தேன். கை அதன் வேலையைச் செய்துவிட்டது.

ஜூலை 17, புதன்

புஷ்பம் அக்காவிடம் ஊரான் கதை போலக் கேட்டேன். "நிறுத்தினா என்ன ஆவும்?"

"என்ன ஆவும், பழைய மனுசன் வருவான்" என்றாள். "உனக்கு இன்னொரு காது இருக்குல்லா."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குக் கையிலிருந்த சட்டி நழுவி வெள்ளைக்கரு எல்லாம் கொட்டிப் போனது.

ஜூலை 18, வியாழன்

இன்று போடவில்லை. இனி போடமாட்டேன். குடிகாரனாக இருந்தாலும் இருக்கட்டும், இருக்கட்டும் முதலில்.

இவரிடமும் சொல்லப்போவதில்லை. சொல்லாமல் ஆரம்பித்ததைச் சொல்லாமலே முடித்துவிட்டால் யாருக்கும் சேதமில்லை. காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னைக்கு நல்லா இருக்கு" என்றார். அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஜூலை 22, திங்கள்

ஐந்தாவது ஊசி. வரும்போது சன்னல் பக்கம் உட்காரட்டுமா என்று கேட்டார். அவராகக் கேட்டார்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். குழாயை மூடாமல் விட்டுவிட்டேனோ என்று ஓடினேன். குளித்துக்கொண்டிருந்தார். தலைக்கு.

நான் வாசலிலேயே நின்றேன். துண்டோடு வெளியே வந்து, "என்ன, பேயப் பாத்த மாதிரி நிக்க? இட்லி இருக்கா?" என்றார். நாலு இட்லி. அப்புறம் இன்னும் இரண்டு. மகள் ஷெரினுக்குக் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "பப்பா சிரிக்காங்கம்மா" என்று அவள் கத்தினாள்.

எத்தனை மாதம்! ஆண்டவரே, எத்தனை மாதம் இந்த மனுசனை நான் இப்படிப் பார்த்து. சந்தோஷத்தில் பேக்கரிக்கு ஒரு மணி நேரம் தாமதம். முதலாளி திட்டினார். திட்டட்டும்.

ஜூலை 26, வெள்ளி

நேற்று ஆறாவது. இன்று பனிமய மாதா கோயில் கொடியேற்றம். இவரும் வந்தார். கொடி ஏறும்போது எல்லோரும் "மரியே வாழ்க" என்றபோது இவர் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. துறைமுகத்திலிருந்து ஆள் வந்து எஞ்சின் ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறான். போகிறாராம்.

டாக்டர் போனில் ரொம்பச் சந்தோஷப்பட்டார். சிலருக்கு மெதுவாகத்தான் பிடிக்கும்போல என்றார். ஆமா டாக்டர் என்றேன். ஆகஸ்டு எட்டாம் தேதி இன்னொன்று போட வரச் சொல்லியிருக்கிறார். அப்புறம் இடைவெளி விட்டு விட்டுப் போட வேண்டுமாம்.

ஜூலை 30, செவ்வாய்

சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏளா, என்னன்னு தெரியல, ரெண்டு மூணு நாளா நாக்கு கேக்குது."

"எதுக்கு?" என்றேன், தெரியாதவள் மாதிரி.

"வேற எதுக்கு. பாஸ்காவுலேருந்து இந்த நெனப்பே வரல. வேலைக்குப் போனதும் வருது. ஆனா பயப்படாத. ஒருக்கா விட்டவந்தான நான்? இப்பவும் முடியும்."

ஒருக்கா விட்டவன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது நிற்கிறார். அது என் காப்பி என்று எந்த வாயால் சொல்வேன்?

அலமாரியைத் திறந்து அட்டையைப் பார்த்தேன். இன்னும் மாத்திரை இருக்கிறது. போட்டால் நாக்கு அடங்கும், எட்டாம் தேதி ஊசி வீணாகும். போடாவிட்டால் இவர் தலையெழுத்து. மூடிவிட்டேன். திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினேன்.

ஆகஸ்டு 3, சனி

பங்குக் கோயிலில் மதுவிலக்குச் சபைக் கூட்டம். இவர் சாட்சி சொல்ல வேண்டுமென்று சாமியாரே வந்து கேட்டிருந்தார். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

இவர் மைக் பிடித்துப் பேசி நான் பார்த்ததில்லை. நன்றாகத்தான் பேசினார். தகப்பனார் குடித்தது, தான் பதினேழு வயதில் ஆரம்பித்தது எல்லாம். அப்புறம், "என் பொண்டாட்டி செலஸ்டினுக்கு இடது காது கேக்காது. நான் அடிச்சதுதான்" என்றார். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. இதையெல்லாம் யார் சொல்லச் சொன்னது? புஷ்பம் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது, நாலு வருடமாக நான் அம்மாவிடமே காய்ச்சலில் போனது என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் எனக்கு மாத்திரை குடுக்கல, மந்திரிக்கல" என்று முடித்தார். "ஆண்டவரும் நானும், வேற யாரும் இல்ல."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆகஸ்டு 5, திங்கள்

மாதா திருநாள். சப்பரம் வரும்போது தெருவில் எள் போட்டால் எண்ணெய் ஆகும். இவர் துறைமுகக் கூட்டாளிகளோடு முன்னால் போனார். வீட்டுக்கு வரவில்லை.

ஆகஸ்டு 6, செவ்வாய்

மதியம் வந்தார். நான் சொல்ல வேண்டியதில்லை, வாசலிலேயே வாடை அடித்தது. கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. ஷெரின் திருவிழாவுக்கு வந்திருக்கிறாள், அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார். குடித்த மனுசன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"நானா விட்டத நானே கெடுத்துட்டேம்ளா. சபையில நின்னு பேசி மூணு நாள் ஆவல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இனி நான் எதுக்கு இருக்கணும்?"

கடைசியில் சொன்னாரே, அதே வார்த்தை. மே மாதம் சொன்ன அதே வார்த்தை. ஷெரினைக் கடைக்கு அனுப்பினேன். எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"நீங்க எதையும் கெடுக்கல. பாஸ்காவுக்கு அப்புறம் நீங்களா நிறுத்தல. நான்தான் காப்பில மாத்திரை போட்டேன். போன மாசம் நிறுத்துனேன், அதான் நாக்கு கேட்டுச்சு. உங்க தப்பு இல்ல."

முதலில் சிரித்தார். நான் ஆறுதலுக்குப் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதத்தான அந்த டாக்டரம்மா கேட்டாவ. நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"ஆமா."

"மாதா மேல ஆணை போட்டேனே ஏளா. அப்பவும் உக்காந்திருந்த."

"ஆமா."

"சபையில நான் பேசும்போது?"

"கை தட்டுனேன்" என்றேன். அதை ஏன் சொன்னேனோ.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "தவசு காலம்?" என்றார்.

"அது நீங்கதான். நாப்பது நாளும் நீங்கதான். சத்தியமா."

"உன் சத்தியத்த நீயே வச்சுக்க" என்று எழுந்து முகம் கழுவிக்கொண்டு அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

போதையில் இருந்தவர், தனியாகப் போகிறாரே என்று பின்னாலேயே போனேன். தெருமுனையில் திரும்பி, "வராத" என்றார். அவர் அக்கா வீட்டு வாசற்படி ஏறும்வரை எதிர்க்கடையில் நின்று பார்த்தேன்.

ஆகஸ்டு 7, புதன்

மைனிக்கு நேற்றே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இன்று அவள்தான் பேசினாள். சாப்பிட்டாராம், தூங்கினாராம், குடிக்கவில்லையாம். "என் தம்பிக்கு நீ செஞ்சது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல செலஸ்டின்" என்றாள். "ஆனா என் வீட்ல காப்பிய அவனே போட்டுக் குடிக்கான்."

நாளைக்கு ஆறு மணி வண்டிக்கு வந்துவிடுவதாக மட்டும் சொல்லச் சொன்னாராம்.

ஆகஸ்டு 8, வியாழன்

வந்தார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். பேருந்தில் என்னோடு உட்காரவில்லை.

டாக்டரிடம் நான்தான் சொன்னேன். பாஸ்காவுக்கு முந்தின நாளிலிருந்து ஜூலை பதினேழு வரை, ஒரு நாள் விடாமல். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு தடவை கேட்டேனேம்மா" என்று மட்டும் சொன்னார்.

பிறகு இவரிடம் திரும்பிப் பேசினார். ஈரல் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். நேற்று முன்தினம் குடித்திருப்பதால் இன்று ஊசி வேண்டாம். குடிக்கு மாத்திரையும் மனசுக்கு இந்த ஊசியும் இவருக்கு ஒன்றாகச் சேரவில்லை என்றுதான் தெரிகிறது, ஆனால் ஒரே ஒருவரை வைத்து நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. குடிக்கு வேறு வகை மருந்தும் இருக்கிறது. எதுவானாலும் இனி இவர் தெரிந்து, இவர் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்றார்.

"இன்னொன்னு கேக்கணும்" என்றார் இவர். "அந்த மாத்திரையே மனச இப்படிப் படுக்க வைக்குமா?"

டாக்டர் சொன்னார்: "சில பேருக்கு மனசு மந்தமாகுதுன்னு சொல்லியிருக்காங்க. நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல. குடியை விட்டதாலயும் சோர்வு வரும், சும்மாவும் வரும். உங்களுக்கு எதனாலன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது."

"இவ வெளிய இருக்கட்டும் டாக்டர்" என்றார் இவர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளில் அந்த அறையில் இவர் தனியாகப் பேசியது கிடையாது, எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்லியிருக்கிறேன். இப்போது ரொம்ப நேரம் பேசினார். வெளியே வந்தவரிடம் என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. ஒரு சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். இடம் இருந்தது என் பக்கத்தில் மட்டும்தான். வந்து உட்கார்ந்தார். வல்லநாடு தாண்டும்வரை முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குள் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்று எனக்கு ஜூலை பதினைந்தாம் தேதியே தெரியும். அன்றிலிருந்து இந்த நோட்டில் எத்தனையோ எழுதியிருக்கிறேன், அதை மட்டும் ஒரு வரி எழுதவில்லை.

"மே மாசம்" என்றார், என்னைப் பார்க்காமல். "நான் அப்படிச் செஞ்ச அன்னைக்கும் போட்டிருந்தியா?"

"ஆமா" என்றேன்.